சோலை நாற்றங்கால்

சுமார் 1,500 மீட்டருக்கு மேலே, பழனி மலையிலும் நீலகிரியிலும் சோலைக் காடுகளை மீட்கும் வேலை குனிந்த முதுகோடு தொடங்குகிறது. மரத்தடிச் சருகை விலக்கி, பூச்சி துளைக்காத பழமாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். பழனி மலைக்கே உரிய எலியோகார்பஸ் பிளாஸ்கோய் போன்ற அரிய மரமென்றால் ஒவ்வொரு விதையும் பொக்கிஷம்.

சோலை மரங்கள் பலவற்றின் விதை, காய்ந்தால் உயிரை விட்டுவிடும். நெல்லைப் போலச் சேமித்து வைக்க வழியில்லை. சதையைக் கசக்கிக் கழுவி, ஈரம் உலரும் முன்பே ஊன்றிவிட வேண்டும். காட்டுப் பூவரசின் விதையோ வெறும் தூசு. அதை மண்ணால் மூடாமல் மேலே தூவி, பூத்தூறலாக நீர் தெளிக்கிறார்கள்.

வளர்ந்த கன்றுகளை எங்கே நடுவது என்பதில்தான் கைத்தேர்ச்சி தெரிகிறது. சீகை (வாட்டில்) மரங்களின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் உறைபனிக்குத் தப்பித் தழைக்கின்றன. ஆனால் புல்வெளி இருந்த இடத்தில் மரம் வைக்கக் கூடாது. அங்கே புல்லைத்தான் நட வேண்டும்.

மலைக்குப் போகிறவர்களே, சோலையிலிருந்து ஒரு செடியையும் பிடுங்கி வராதீர்கள். அதை மறுபடி முளைக்க வைப்பது அத்தனை எளிதல்ல.