தொலைத்தாக்கும் அச்சமும்: 'நெக்ரோமுண்டா' விதிகள் பற்றிய ஒரு நோக்கு

மேசைமீது சிற்றுருவங்களை நிறுத்தி ஆடப்படும் போர் விளையாட்டுக்களை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின், அவற்றின் விதிநூல்களும் ஒருவகைப் பனுவல்களே. யார் செயற்படலாம், யார் செயலற்றிருக்க வேண்டும், எது கணக்கில் கொள்ளப்படும், எது விடப்படும் என்பனவற்றை அவை தீர்மானிக்கின்றன. இவ்வகையில், தூரத்திலிருந்து சுடுதல் பற்றிய விதிகள் சிறப்பாக நோக்கற்பாலன. கைகலப்பிலே இருவரும் ஒருவரையொருவர் எதிர்கொள்கின்றனர். துப்பாக்கிச் சூட்டிலோ சுடுபவனே செயலுடையவன். சுடப்படுபவன் வெறும் இலக்கு. அவ்விலக்கினை மீண்டும் மனிதனாக்க ஒரு விதிநூலால் இயலுமா என்பதே இங்கு எழும் வினாவாகும்.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று எச்.ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட 'லிற்றில் வார்ஸ்'. அதன் பீரங்கிச் சூட்டிலே பகடைக்கு இடமில்லை. சுருள்வில் பொருத்திய பொம்மைப் பீரங்கி சிறு மரக்குண்டை உண்மையாகவே எறியும். அது வீழ்த்திய பொம்மை இறந்ததாகக் கொள்ளப்படும். ஆடுபவனின் கண்ணும் கையுமே விளைவைத் தீர்ப்பதால், பொறுப்பும் அவனையே சாரும். இதிலே ஒரு நேர்மை உண்டென்பதை மறுப்பதற்கில்லை. எனினும், குண்டுக்கு இலக்கான பொம்மை ஒன்றில் நிற்கும், அன்றேல் இறக்கும். இடைப்பட்ட நிலை யாதுமில்லை. நூலின் இறுதியிலே வெல்ஸ் உண்மைப் போரைக் கடிந்துரைக்கிறார். ஆனால் அக்கடிதல் ஆசிரியர் கூற்றாக நிற்கின்றதேயன்றி, விதியாக மலரவில்லை.

கேம்ஸ் வேர்க்ஷொப் நிறுவனம் 1995இல் வெளியிட்ட 'நெக்ரோமுண்டா', எதிர்கால நகரொன்றின் அடித்தளத்தில் மோதும் சிறு குழுக்களைப் பற்றியது. இதிலே சூடு பகடையால் தீர்க்கப்படுகிறது. சுடுந்திறன் 3 உடைய ஒருவன் ஆறுமுகப் பகடையில் 4 அல்லது அதற்கு மேல் பெறல் வேண்டும். இலக்கு கனத்த மறைப்பின் பின் இருப்பின் 2 கழிக்கப்படும். அப்போது 6 மட்டுமே பயன்படும். அதாவது, இரண்டில் ஒன்றாயிருந்த வாய்ப்பு ஆறில் ஒன்றாகக் குறுகுகிறது. மேலும், 6 விழும்போதெல்லாம் ஆயுதத்தின் இரவை இருப்பும் சோதிக்கப்படும். ஆகவே, மறைந்திருப்பவனைச் சுட்டு வெல்லும் ஒவ்வொரு முறையும் சுடுபவனின் ஆயுதம் ஓயும் இடரும் உடன்வருகிறது. வெற்றிக்கு விலையுண்டு என்பது இங்கு உபதேசமாக அன்றி, கணக்காகவே அமைந்துவிடுகிறது.

இவற்றினும் முதன்மையானது, சுடப்பட்டவன் பற்றிய விதி. குண்டு பட்டவன் காயமுறாவிடினும் நிலத்தோடு பதுங்கிவிடுகிறான். தனது அடுத்த முறையை இழக்கிறான். ஆயுதத்தின் வலுவும் உடலின் உறுதியும் சமமாயின், பட்ட சூடுகளிற் பாதி காயம் விளைவிக்கா. அப்பாதியும் வீணாவதில்லை, அச்சமாக மாறுகிறது. தோழன் ஒருவன் 2 அங்குலத்துள் இருப்பின், பதுங்கியவன் முன்னதாகவே எழ முயலலாம். தனித்தவனுக்கு அவ்வாய்ப்பில்லை. வீரம் தனிமனிதனின் பிறவிக்குணமன்று, உடனிருப்போரால் உண்டாவது என்னும் கருத்து இவ்விதியிலே பொதிந்து கிடக்கிறது.

குறையும் இல்லாமலில்லை. ஒரு தரப்பார் ஆடும்போது மறுதரப்பார் பெரும்பாலும் வாளாவிருக்கின்றனர். தன் முறையைத் துறந்து காத்திருந்து சுடும் விதி இதனை ஓரளவே நீக்குகிறது. ஸ்பானிய நிறுவனமான கோர்வஸ் பெல்லி 2005இல் வெளியிட்ட 'இன்பினிற்றி' இக்குறையைப் பெரிதும் களைந்தது. அதிலே, எதிரி தன் கண்ணெதிரே செயற்படும் கணத்திலேயே இலக்கானவன் திருப்பிச் சுடலாம். இருவரும் ஒருங்கே பகடை உருட்டுவர். இலக்கு இங்கு செயலுடையவனாகிறான். ஆனால், திறமையும் விரைவுமே அவனுக்கு வாய்க்கும் மனிதத் தன்மைகள். 'நெக்ரோமுண்டா'வின் பதுங்கியவனோ, திறமையற்ற கணத்திலும் மனிதனாகவே கருதப்படுகிறான்.

துப்பாக்கியின் இயல்பை எத்துணை நுட்பமாகக் காட்டுகிறது என்பதைக் கொண்டே சூட்டு விதிகளை மதிப்பிடுதல் வழக்கு. அது போதாது. குண்டு சென்றடைந்த இடத்தில் யார் இருந்தார், அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை அவ்விதி கேட்கிறதா என்பதும் அளவுகோலாதல் வேண்டும். அவ்வளவுகோலால் நோக்குமிடத்து, பதுங்கிக் கிடக்கும் அச்சிறு பொம்மையே இவ்விளையாட்டின் மிகச் சிறந்த படைப்பு எனலாம்.