ஆவடியும் ஐந்தெழுத்தும்

அம்பத்தூர் ஐம்பத்தோராம் சக்தித் தலம், அந்த எண்ணே ஊர்ப்பெயராயிற்று என்று எவரேனும் சொன்னால் நம் இளைஞர் நகைப்பர். கல்வெட்டு எங்கே, காலம் எது என்று கேட்பர். நன்று, கேட்கத்தான் வேண்டும். ஆனால், அத்தகைய இளைஞர் ஒருவர் எழுதிய வட்டார வரலாற்றுக் கட்டுரையை அண்மையில் படித்தேன். பக்கத்து ஆவடிக்கு வந்ததும் பகுத்தறிவு படுத்துறங்கிவிட்டது! 'ஆர்மர்டு வெகிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா' என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்ததே ஆவடியாம். நமசிவாய என்னும் ஐந்தெழுத்தை நம்பாத நண்பர், ஆங்கில ஐந்தெழுத்துக்கு அடிபணிந்துவிட்டார். சான்று? ஏழு இடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம்.

ஏழும் ஏறத்தாழ ஒரே சொற்றொடர். ஒருவர் எழுதியதை அறுவர் படியெடுத்தால் சாட்சிகள் ஏழாகிவிடுமா? முதலில் சொன்னவர் யார், எந்த ஆண்டில், எதைக் கண்டு சொன்னார் என்பதற்கு ஏழில் ஒன்றிலும் விடையில்லை.

ஆண்டுகளை அடுக்கிப் பார்த்திருக்கலாம். டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே நிறுவப்பட்டது 1961இல். முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965இல். காங்கிரசு மாநாடு ஆவடியில் கூடி, சோசலிசப் பாணிச் சமுதாயம் எனத் தீர்மானம் இயற்றியதோ 1955 சனவரியில்! தாய்க்குப் பெயர் வைத்தது பின்னர்ப் பிறந்த பிள்ளையா?

தொழிற்சாலை அன்று, போர்க்காலப் படைக் கிடங்கே காரணம் என்று வாதத்தைப் பின்னுக்கு நகர்த்தலாம். நகர்த்தட்டும்! 1939க்கு முந்திய நில அளவைப் படத்தில் ஊருக்கு வேறு பெயர் இருந்ததெனக் காட்டும் கடமை அவர்களுடையது. எழும்பூர் ஆவணக் காப்பகம் ஆவடிக்குத் தொலைவன்று.

'ஆ' என்றால் பசு, ஆகவே இது ஆயர் வாழ்ந்த ஊர் என்று ஒருவர் சொன்னால், தீந்தமிழ் விளக்கமாயிற்றே என்று துள்ளிவிடவும் வேண்டா. அதற்கும் கல்வெட்டுக் கேட்போம். அருகே திருமுல்லைவாயில் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள. அவற்றையும் தலபுராணத்தையும் ஒரே தட்டில் வைத்தல் பிழை. கல்லிலும்கூட, மன்னனைப் புகழும் மெய்க்கீர்த்தி வேறு. கொடுத்த நிலத்தின் எல்லை கூறும் பகுதி வேறு. புகழுரையில் மிகை நுழையும். எல்லையில் பொய் சொன்னால் பக்கத்து நிலத்தான் சும்மா இருப்பானா?

கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆவடிப் பத்தியின் எதிரே '1955' என்று மட்டும் எழுதி.