அன்ரன் மோவின் தரவை ஓவியங்கள்

மனப்பதிவுவாதம் என்றதும் பிரான்சின் ஒளிமிகு ஆற்றங்கரைகளே பலருக்கும் நினைவில் எழுகின்றன. அதே காலத்தில் ஒல்லாந்தின் சாம்பல் வானத்தின் கீழ் அதற்கு நெருங்கிய உறவுடைய வேறொரு கலை வளர்ந்தது. அதனை வளர்த்த ஹேக் குழுவினருள் அன்ரன் மோவ் (1838-1888) குறிப்பிடத்தக்கவர். தம் இறுதி ஆண்டுகளில் லாரன் கிராமத்திற் குடியேறிய அவர், அதைச் சூழ்ந்திருந்த ஹீதர்ச் செடி படர்ந்த தரவையை எண்ணெய் வர்ணத்தில் மீண்டும் மீண்டும் தீட்டினார்.

இவ்வோவியங்களிற் காணக்கிடப்பவை மிகச் சில: தாழ்ந்த தொடுவானம், சக்கரத்தடம் பதிந்த மணற்பாதை, செம்மறி மந்தை, அதன் பின்னே ஓர் இடையன். மந்தையில் ஆடுகளுக்குத் தனித்தனி உருவம் பெரிதும் இல்லை; மங்கிய வெண்ணிறத் தீற்றல்கள் அவற்றைத் தரையோடு ஒன்றாக்குகின்றன. ஹீதரின் ஊதாவையும் மோவ் அடக்கியே வைக்கிறார். மொனேயிடம் பொருள்களை ஒளி கரைக்கிறது. இவரிடம் ஈரக்காற்றுக் கரைக்கிறது. எந்த வர்ணமும் பிறிதொன்றை மீறாதிருப்பதிலேயே இப்படங்களின் அமைதி பிறக்கிறது.

இதனைத் தீண்டப்படாத இயற்கையின் அமைதி எனக் கொள்வது பிழை. தரவை மனிதர் உண்டாக்கிய நிலம். காடழிந்த மணற்றரையில் ஆடுகள் இளங்கன்றுகளைக் கறித்து மரம் வளராது தடுத்தன. உழவர் மேல்மண்ணைச் செடியோடு வெட்டித் தொழுவத்தில் இட்டனர். ஆட்டெருவோடு கலந்த அம்மண்ணே வறிய வயல்களுக்கு உரமாயிற்று. மோவ் தீட்டிய காலத்தில் இம்முறை தளரத் தொடங்கியிருந்தது. கடல்கடந்து வந்த மலிவான கம்பளியும் பின்னர் செயற்கை உரமும் இடையனைத் தேவையற்றவனாக்கின. ஓவியங்களை வாங்கியோரோ, அவருட் பலர் அமெரிக்கச் செல்வர், நலிந்துவரும் ஒரு தொழிலை என்றுமுள்ள சாந்தியாகக் கண்டு களித்தனர். விலகிச் செல்லும் ஆடுகளைவிட எதிர்வரும் ஆடுகளுக்கு அவர்கள் கூடிய விலை கொடுத்தனர் என்றொரு கதையும் உண்டு. கதை வேடிக்கையானது, சந்தையின் இரசனையை அது நன்கு காட்டுகிறது.

மோவின் மனைவிவழி உறவினரும் அவரிடம் சிலகாலம் பயின்றவருமான வின்சன்ற் வான்கோ, 1883 இல் வடகிழக்கிலுள்ள டிரென்தேத் தரவைக்குச் சென்றார். அங்கு அவர் தீட்டிய சிற்றோவியம் ஒன்றில், முற்றாநிலக்கரி நிலத்தில் இரு பெண்கள் இடுப்பொடிய வளைந்து நிற்கின்றனர். உழைப்பின் பாரம் அப்படம் முழுவதையும் கீழ்நோக்கி இழுக்கிறது. மோவின் இடையனுக்கோ பெரும்பாலும் முதுகுண்டு, முகமில்லை. அவரது கலையின் எல்லை அதுவே. எனினும் வாங்கியோர் காணாத ஒன்றை அவர் மறைக்கவுமில்லை: வண்டிகள் உழுதுசென்ற அந்த மணற்பாதை, படத்தின் முன்பகுதியிலேயே கிடக்கிறது.