உள்ளிருந்து பூட்டும் மூடி

என் கராஜில் ஐந்து கெக்குகள் நிற்கின்றன. அவற்றில் நான்கு, ஒரு காலத்தில் கோலா சிரப் சுமந்தவை. ஒன்றின் ரப்பர்ப் பிடியில் ஏதோ ஒரு ஊர் பாட்டிலிங் கம்பெனியின் பெயர் பாதி தேய்ந்து கிடக்கிறது. இன்னொன்றில் ஃபயர்ஸ்டோன் என்று பொறித்திருக்கும். ஆமாம், அந்த டயர் கம்பெனிதான். எஃகுப் பாத்திரங்களும் செய்தார்கள். நான் கோலா குடிப்பதில்லை. ஆனாலும் வீட்டில் காய்ச்சிய பீரை அடைத்துவைக்க இந்தக் கோலாப் பாத்திரத்தைவிடத் தோதானதை நான் பார்த்ததில்லை.

இதற்குக் கார்னி கெக் என்று பெயர். எங்கள் மின்னசோட்டாவில் இருந்த கார்னீலியஸ் கம்பெனியின் பெயர் சுருங்கி அப்படி ஆனது. ஓட்டல்களின் சோடா இயந்திரங்களுக்கு சிரப் இதில்தான் போய்க்கொண்டிருந்தது. கொள்ளளவு 5 கேலன், ஏறக்குறைய 19 லிட்டர். பிறகு அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் சிரப் வர ஆரம்பித்ததும் எஃகுக் கலங்கள் மலைமலையாகக் கழித்துக் கட்டப்பட்டன. அதற்குச் சற்று முன்புதான், 1978 அக்டோபரில், வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதிக்கும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டிருந்தார்; 1979 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. வீட்டில் காய்ச்சுபவர்கள் ஒரு தடவைக்கு வழக்கமாகக் காய்ச்சுவதும் அதே 5 கேலன். பெரியண்ணன் சட்டை தம்பிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்துவது எப்போதாவதுதான் நடக்கும். இங்கே நடந்தது.

ஆனால் நான் இதன்மேல் மையல் கொண்டது மூடியைப் பார்த்துத்தான்.

கெக்கின் வாய் முட்டை வடிவம். மூடியும் முட்டை வடிவம், வாயைவிடக் கொஞ்சம் பெரியது. சாய்த்து உள்ளே விட்டு, திருப்பி, மேல்நோக்கி இழுத்து, கம்பியை மடக்கினால் உள்பக்கமாக வந்து உட்காரும். வட்ட மூடியை இப்படி வட்ட வாய்க்குள் நுழைக்க முடியாது. முதல்முறை பார்த்தபோது எனக்கு அமெரிக்கா மறந்துபோய் எங்கள் வீட்டு ஹாக்கின்ஸ் குக்கர் ஞாபகம் வந்தது. அதே சாய்ப்பு, அதே திருப்பு, அதே கருப்பு ரப்பர் வளையம். குக்கரில் நீராவி செய்யும் வேலையை இங்கே கார்பன் டை ஆக்சைடு செய்கிறது. வாயு எவ்வளவு அழுத்துகிறதோ, மூடி அவ்வளவு இறுகும். 12 பிஎஸ்ஐ அழுத்தத்திலேயே ஓர் ஆளின் எடை அளவுக்கு விசை அதை உள்ளிருந்து மேலே தள்ளிக்கொண்டிருக்கும். அழுத்தம் இறங்காமல் யாராலும் திறக்க முடியாது. திறக்கக்கூடாத நேரத்தில் திறக்க மறுக்கும் பாத்திரத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. அழுத்தமே இல்லாதபோது மூடிக்கு உட்கார மனம் வராது. புதிதாகப் பழகிய நாளில், பீரை நிரப்பி, 10 பிஎஸ்ஐ வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் வாயு சிலிண்டர் காலி. மூடி ஓரமாக விடிய விடியக் கசிந்திருக்கிறது. முதலில் 30 பிஎஸ்ஐ கொடுத்து மூடியை டப்பென்று உட்காரவைத்துவிட்டு, அப்புறம்தான் குறைக்க வேண்டும் என்று அதன்பிறகு தெரிந்துகொண்டேன். இப்போது சோப்பு நுரையைத் தடவிப் பார்க்காமல் தூங்குவதில்லை. சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடுவாரே, அதே குனிவு, அதே உற்றுப்பார்வை.

கார்னியில் இரண்டு சாதி. பெப்சிக்காரர்கள் பயன்படுத்தியது பால் லாக். கோகோ கோலாக்காரர்களுடையது பின் லாக். பால் லாக் உயரம், ஒல்லி. பின் லாக் குட்டை, சற்றே தொந்தி. இரண்டிலும் வாயு உள்ளே போக ஒரு முனை, பீர் வெளியே வர ஒரு முனை. பால் லாக்கில் இரண்டு முனைகளும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அடியில் இருக்கும் சின்ன வெட்டை வைத்துத்தான் வாயு முனையை அடையாளம் காண வேண்டும். அவசரத்தில் மாற்றி மாட்டினால் சிக்கிக்கொண்டு கழற்றவே வராது. இடுக்கியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். அதற்காகத்தான் வாயுவுக்குச் சாம்பல் நிற கனெக்டர், பீருக்குக் கருப்பு என்று வழக்கம். பின் லாக்கில் இந்தப் பேச்சே இல்லை. வாயு முனையில் இரண்டு குச்சி, பீர் முனையில் மூன்று குச்சி. கண்ணைக் கட்டிக்கொண்டு மாட்டினாலும் தப்பாது. கடைத்தெருவில் பால் லாக்தான் ஜெயித்தது. புதிதாகச் செய்வதெல்லாம் ஏறக்குறைய அதுதான். அதன் மூடியில் அழுத்தத்தை இறக்கிவிட ஒரு சின்ன வளையம் உண்டு, பழைய பின் லாக் மூடிகள் பலவற்றில் அந்த வசதி இல்லை. இருந்தும் என் கண்ணுக்கு பின் லாக்தான் அழகு. குட்டையாக, கனமாக, ஆட்டுக்கல் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

பழைய கெக் வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எஃகு நாற்றத்தை வைத்துக்கொள்ளாது, ரப்பர் வைத்துக்கொள்ளும். ரூட் பீர் சிரப் இருந்த கெக்கை எத்தனை கழுவினாலும், வளையங்களை மாற்றாதவரை, உங்கள் பீரில் அந்த மருந்துக்கடை வாசம் எட்டிப் பார்க்கும். வளையங்கள் அற்ப விலை. எல்லாவற்றையும் கழற்றித் தூர எறிந்துவிடுங்கள்.

மதுக்கூடங்களில் இருப்பது சாங்கி கெக். அது தொழில்காரர்களின் பாத்திரம். அமெரிக்காவின் பெரிய அளவு 15.5 கேலன், அதாவது 58.7 லிட்டர்; நிரம்பினால் 70 கிலோவைத் தாண்டும். ஆறில் ஒரு பங்கு பீப்பாய் என்று ஒரு சின்ன அளவும் உண்டு, நம் கார்னிக்குக் கிட்டத்தட்டச் சமம். மேலே ஒரே ஒரு வால்வு. கப்ளரை வைத்துத் திருகினால் வாயு உள்ளே, பீர் வெளியே. காற்றுக்கும் கிருமிக்கும் வழியே கிடையாது. உருட்டலாம், லாரியில் எறியலாம். கலம் என்ற முறையில் கார்னியைவிட இது பல படி மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. நடுவிலுள்ள ஈட்டிக் குழாயைக் கழற்றினால்தான் சுத்தம் தெரியும். அழுத்தம் முழுவதும் இறங்காமல் கழற்றப் போனால் அது பெயருக்கு ஏற்றபடி பாயும், ஆளைக் கொல்லும். தவிர, பீரோடு வரும் கெக்குக்கு நாம் கட்டுவது முன்பணம்தான், விலை அல்ல. கெக் காய்ச்சியவருக்கே சொந்தம். இந்த விஷயத்தை வசதியாக மறந்து, தலையை அறுத்துக் கொதிகலம் ஆக்கிக்கொண்ட நண்பர்கள் எனக்கு உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டில் பால் பாத்திரம் வாங்கும்போது அம்மா முதலில் வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பாள். கை போகாததைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். நான் கெக் பார்ப்பதும் அப்படித்தான். பீரின் ருசியைக் கெடுப்பவற்றில் முக்கால்வாசி, கழுவாத மூலையில் இருந்துதான் வருகிறது. கார்னியின் வாயில் கொஞ்சம் முக்கினால் என் கை நுழையும். டார்ச் அடித்து அடிவரை பார்க்கலாம்.

இந்தக் கணக்கெல்லாம் ஒரே இடத்தில் தோற்கும்: இங்கிலாந்தின் காஸ்க். அதில் பின் என்றே ஓர் அளவு இருக்கிறது. குச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 4.5 இம்பீரியல் கேலன், சுமார் 20.5 லிட்டர். வயிறு பருத்த கலம், இப்போது பெரும்பாலும் எஃகு அல்லது பிளாஸ்டிக். படுக்கவைத்துத்தான் பயன்படுத்துவார்கள். சிலிண்டர் கிடையாது, உள்ளே உயிரோடிருக்கும் ஈஸ்ட் தானே வாயு உண்டாக்கும். மேலே உள்ள அடைப்பில் முதலில் ஒரு மென்மரக் குச்சியைச் செருகுவார்கள். மரத்தின் நுண்துளை வழியே வாயு மெல்லக் கசிந்து, குச்சியின் தலையில் நுரை முத்து முத்தாகப் பூக்கும். நுரை ஓய்ந்ததும் அதைப் பிடுங்கிவிட்டுக் கடினமரக் குச்சி. பிறகு கைப்பம்பால் இழுத்து, நிலவறைக் குளிர்ச்சியில், 12 டிகிரியை ஒட்டி, ஊற்றுவார்கள். வாயு குறைவு, மால்ட்டின் பிஸ்கட் வாசம் நாக்கில் முழுசாக வந்து நிற்கும். 1971ல் தொடங்கிய காம்ரா இயக்கம் இந்தப் பழக்கத்துக்காகத்தான் போராடியது. ஆனால் பீர் இறங்க இறங்க உள்ளே காற்று ஏறும். மூன்று நாளில் குடித்துத் தீர்க்க வேண்டும். மூன்று நாளில் நாற்பது கோப்பை குடிக்கிற சுற்றம் எனக்கு இல்லை.

பிளாஸ்டிக் கெக்குகள் இப்போது ஏராளம். லேசு, மலிவு, உள்ளே பார்க்கலாம். ஆனால் ஆக்சிஜன் பிளாஸ்டிக் சுவரைத் தாண்டி மெல்ல நுழையும். சீக்கிரம் தீரப்போகிற பீர் என்றால் பரவாயில்லை. மாதக்கணக்கில் முதிரவைக்கும் கருப்பு ஸ்டவுட்டை நம்பிக் கொடுக்க மாட்டேன்.

ஆக, நான் பழைய கோலாக் கலத்தோடுதான் இருக்கிறேன். 4 டிகிரியில் 12 பிஎஸ்ஐ, ஒரு வாரம் பத்து நாள் பொறுமை. ஐந்தாவது மட்டும் புதிது, பால் லாக். பளபளவென்று மூலையில் நிற்கிறது. பின் லாக் உதிரிகள் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. போன குளிர்காலத்தில் ஒரு வாயு முனையின் குச்சி தேய்ந்து கனெக்டர் வழுக்க ஆரம்பித்தது. பின் லாக் கெக்கில் பால் லாக் முனைகளைத் திருகிப் பொருத்த மாற்று முனைகள் விற்கிறார்கள். ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். கவர் பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.