சிவப்பில்லாத வட்டம்

"நடுவுல சிவப்பு அடிக்க மறந்துட்டீங்களா மாமா?" என்றான் அக்கா மகன். திரையில் ஒரு தண்டர்போல்ட் போர்விமானம் நின்றது. இறக்கையில் கருநீல வட்டம், அதற்குள் வெளிர்நீல வட்டம், அவ்வளவுதான். பிரிட்டிஷ் விமானம் என்றால் நீலம், வெள்ளை, நடுவில் சிவப்பு. அவன் ஆடிய விளையாட்டுகளிலெல்லாம் அப்படித்தான்.

நான் மறக்கவில்லை. பர்மாப் போர்முனையில் அந்தச் சிவப்பை அவர்களே அழித்துவிட்டார்கள். ஜப்பானிய விமானத்தின் அடையாளம் சிவப்பு வட்டம். பாய்ந்து வரும் வேகத்தில் நடுச்சிவப்பு மட்டும் கண்ணில் பட்டால் சொந்தப் படைக்காரனே சுட்டுவிடுவான். அதனால் 1942-க்குப் பிறகு இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்த விமானங்களில் சிவப்பு படிப்படியாக மறைந்து இரண்டு நீலங்கள் மட்டும் மிஞ்சின. இது போதாதென்று மூக்கிலும் இறக்கையிலும் வாலிலும் வெள்ளைப் பட்டைகள் போட்டார்கள்.

ஃப்ளைட் சிமுலேட்டரில் இருக்கும் ஒரு விமானத்துக்குப் பழைய போர்க்கால வண்ணம் பூசும் இந்த வேலையை ரீபெயின்ட் என்பார்கள். ஸ்கின், லிவரி என்றும் சொல்வதுண்டு. தையல்காரர் சட்டையைப் பிரித்துத் துண்டு துண்டாகப் பரப்பியது போல, விமானத்தின் உடல் ஒரு தட்டையான படமாக வரும். அதுதான் டெம்ப்ளேட். அதன்மேல் அடிவண்ணம், தகட்டு இணைப்புக் கோடுகள், ஆணிகள், எண்கள், அழுக்கு என்று லேயர் லேயராக ஏற்ற வேண்டும். இடப்பக்க எழுத்து வலப்பக்கத்தில் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பிக்கொள்ளும் விபத்து எல்லோருக்கும் ஒருமுறையாவது நடந்திருக்கும்.

நான் 79-ஆம் படையணியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் பெயர். பிரிட்டிஷ் விமானப்படையில் 79, 234, 264 ஆகிய மூன்று படையணிகளுக்கும் பெயரோடு 'மதராஸ் மாகாணம்' என்ற ஒட்டு உண்டு. விமானம் வாங்கப் பணம் கொடுத்த நாடுகள், மாகாணங்கள், சமஸ்தானங்களின் பெயரைப் படையணிக்குச் சூட்டினார்கள். ஹைதராபாத், மைசூர் பெயர்களும் அப்படி வந்தவைதான். 102-ஆம் படையணி இலங்கையின் பெயரைத் தாங்கியது. மதராஸ் பெயர் தாங்கிய மூன்றில் நம் பக்கம் வந்து போரிட்டது 79. 1942-ல் ஹரிக்கேன்களோடு இந்தியா வந்தது, 1944-ல் தண்டர்போல்ட்டுக்கு மாறியது.

இந்தக் கலையின் பலம் என்று நான் நினைப்பது, வரைபவரை அது மழுப்ப விடாது என்பதுதான். 'உருமறைப்பு வண்ணம் பூசிய விமானங்கள்' என்று நூலாசிரியர் ஒரே சொற்றொடரில் கடந்துபோகலாம். ரீபெயின்ட் செய்பவரால் முடியாது. அடிவயிறு என்ன நிறம்? பட்டை சுக்கானின்மேல் ஏறியதா, முன்னால் நின்றதா? விமானத்தின் எந்த அங்குலத்தையும் வெறுமையாக விட வழியில்லை. அதனாலேயே படையணிப் பதிவேடு, வண்ண உத்தரவு, மங்கிய நிழற்படம் என்று தேடிப் போகிறார். சிவப்பு ஏன் இல்லை என்று பதினான்கு வயதுப் பையன் கேட்கிறான் என்றால், பர்மாப் போர்முனை பற்றி நம் பாடநூல் எழுப்பாத ஒரு கேள்வியை ஒரு வட்டம் எழுப்பிவிட்டது. இதைச் சிறிய காரியமாக நான் நினைக்கவில்லை.

குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. படத்தில் 'இருக்கலாம்' என்ற சொல்லுக்கு இடமில்லை. நிழற்படத்தில் பார்த்து வரைந்த எழுத்தும் ஊகித்துப் பூசிய பழுப்பும் திரையில் ஒரே உறுதியோடு மின்னும். என் வெளிர்நீலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நடுவட்டம் வெள்ளையா, நீலம் கலந்த வெள்ளையா, எவ்வளவு நீலம் என்பதெல்லாம் இன்றும் வாதத்துக்குரியவை. சான்றாக இருப்பவை பெரும்பாலும் கறுப்பு-வெள்ளைப் படங்கள். அக்காலப் படச்சுருள்களில் ஒரு வகை, நீலத்தை வெளுக்கவைத்து, சிவப்பைக் கறுப்பாக்கிவிடும். அப்படிப்பட்ட படத்திலிருந்து நான் ஒரு நிறத்தைத் தீர்மானித்து, அதற்கு எண்மதிப்பும் கொடுத்துவிட்டேன். நாளை இன்னொருவர் என் கோப்பிலிருந்து அந்த எண்ணைச் சுட்டுக்கொள்வார். மூன்றாமவருக்கு அது 'எல்லோரும் பயன்படுத்தும் சரியான நிறம்' ஆகிவிடும்.

அடுத்தது, உடல் ஒன்று, தோல் ஒன்று என்னும் சிக்கல். ரீபெயின்ட் நிறத்தை மாற்றும், வடிவத்தை மாற்றாது. இந்திய விமானப்படையின் 8-ஆம் படையணி 1945-ல் பர்மாவில் ஓட்டியது ஸ்பிட்ஃபயர் எட்டாம் வகை. டிசிஎஸ் சிமுலேட்டரில் கிடைப்பது ஒன்பதாம் வகை. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் எட்டாவதன் வால்சக்கரம் உள்ளே மடங்கும், ஒன்பதாவதன் சக்கரம் வெளியே தொங்கிக்கொண்டே பறக்கும். ஒன்பதாவதன்மேல் 8-ஆம் படையணியின் வண்ணத்தைப் பூசலாமா? பூசலாம் என்பதே என் கட்சி. சக்கரத்தைப் பற்றி வாய் திறக்காமல் வெளியிடுவதைத்தான் ஏற்க முடியாது.

நிஜ உலோகத்திலும் இது நடக்கிறது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்குச் சீக்கியப் படைவீரர்களைக் கொண்டுசேர்த்த டகோட்டா விமானங்களில் ஒன்றின் எண் விபி 905. இன்று அதே எண்ணோடு பறக்கும் 'பரசுராமா' வேறொரு டகோட்டா. அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர் அதை வாங்கிப் பிரிட்டனில் சீரமைத்து, 2018-ல் விமானப்படைக்குக் கொடுத்தார். அதுவும் ஒரு ரீபெயின்ட்தான். ஆனால் நினைவுக்காக எழுதிய எண் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பறப்பதால் யாரும் ஏமாறுவதில்லை.

அழுக்கைப் பற்றி ஒரு வார்த்தை. புகைக்கறையும் வண்ணம் உரிந்த தகடும் இல்லாவிட்டால் 'உயிரில்லை' என்கிறார்கள். பல வருடம் வெயிலில் கிடந்த டவுன் பஸ் மாதிரி ஆக்கிவிட்டால் உயிர் வந்துவிடுமா? பல போர்விமானங்களின் ஆயுளே சில மாதங்கள்தான்.

என்னை அதிகம் உறுத்துவது தூரிகை தொடாத இடம். 'மதராஸ் மாகாணத்தின் அன்பளிப்பு' என்று நானும் விளக்கத்தில் எழுதினேன். கொடுத்தது யார்? 1939 அக்டோபரில் ராஜாஜி பதவி விலகியபின் மாகாணத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவையே இல்லை, ஆளுநர் ஆட்சி. 1940 இறுதியில் போருக்கு ஆளும் பணமும் தருவது தவறு என்று சொல்லித் தனிநபர் சத்தியாக்கிரகிகள் சிறைக்குப் போனார்கள், ராஜாஜி உட்பட. ஒரு பக்கம் யுத்த நிதி, மறுபக்கம் சிறை. விமானத்தின் பக்கவாட்டில் இதை எழுத இடமில்லை என்பது உண்மை. விளக்கக் கோப்பில் தாராளமாக இடமிருக்கிறது.

சான்றையும் ஊகத்தையும் பிரித்துக் காட்டும் வழி எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கீழக்குயில்குடி சமணர் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உண்டு. கல்வெட்டுகளை வாசித்து அச்சிடும் அறிஞர்கள், சிதைந்த எழுத்துக்குப் புள்ளி வைப்பார்கள். ஊகித்த எழுத்தை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். கல் சொன்னது எது, வாசித்தவர் சொன்னது எது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ரீபெயின்ட் செய்பவர்களே, படத்தில் அடைப்புக்குறி போட முடியாது. கூடவே வைக்கும் குறிப்பில் போடுங்கள். பார்ப்பவரே கண்டுபிடித்துக்கொள்வார் என்று அவர் தலையில் கட்டாதீர்கள்.

என் தண்டர்போல்ட்டின் குறிப்பைத் திருத்தி எழுதிவிட்டேன். வெள்ளைப் பட்டைகள் அடைப்புக்குறிக்கு வெளியே. வெளிர்நீலம் உள்ளே.