சுருதிப் பெட்டி யார் கையில்? பன்னாட்டுக் கூட்டு இசைத்தொகுப்புகள்: ஒரு பார்வை

பல நாடுகளைச் சேர்ந்த இசைக்கலைஞர்கள் ஒன்றுகூடி ஒரே இசைத்தொகுப்பை உருவாக்கும் வழக்கம் 1960களின் நடுப்பகுதியிலிருந்து தொடர்ந்து காணப்படுகிறது. இத்தகைய தொகுப்புகளைப் பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் எத்தனை நாட்டவர், எத்தனை கருவிகள், எத்தனை மொழிகள் என்ற கணக்கோடு நின்றுவிடுகின்றன. ஆனால் ஒரு தொகுப்பில் கூட்டு எந்த அளவுக்கு மெய்யானது என்பதை அறிய அந்தக் கணக்கு உதவுவதில்லை. எந்தச் சுருதியில் வாசிப்பது, எந்த வேகத்தில் செல்வது, பதிவானவற்றுள் எதை வைத்துக்கொண்டு எதை நீக்குவது, பாட்டின் உரிமையாளர் என்று யார் பெயரை எழுதுவது ஆகிய நான்கு தீர்மானங்களை எடுத்தவர் யார் என்று கேட்டால்தான் அது புலப்படும். இத்தீர்மானங்கள் யாரிடம் சென்று சேர்கின்றன என்பதை ஒலிப்பதிவு முறையே பெருமளவு நிர்ணயிக்கிறது என்பதை, முக்கியமான சில தொகுப்புகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

'உலக இசை' என்ற தொடரை 1960களில் கல்விப்புலத்தில் பரப்பியவர் அமெரிக்க இசையியலாளர் ராபர்ட் இ. பிரௌன். தென்னிந்திய மிருதங்க வாசிப்பை முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்த இவர், கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பிற நாட்டுக் கலைஞர்களே நேரில் கற்பிக்கும் பாடத்திட்டத்தை ஏற்படுத்தினார். 1987இல் லண்டன் மதுவிடுதி ஒன்றில் கூடிய சிறு இசைத்தட்டு நிறுவனத்தார், கடை அடுக்குகளில் எங்கே வைப்பதென்று தெரியாமல் கிடந்த தங்கள் வெளியீடுகளுக்கு அதே தொடரை விற்பனைப் பெயராக வரித்துக்கொண்டனர். இவ்வாறு கல்வியும் வணிகமும் ஆகிய இரு ஊற்றுகளிலிருந்து பிறந்த இத்துறையின் தொகுப்புகளிலும் அந்த இரட்டைத்தன்மை காணக்கிடைக்கிறது.

ஒரே அறையில் உருவானவை

முதல் வகை, கலைஞர்கள் ஒரே அறையில் அமர்ந்து, ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டுக்கொண்டே பதிவு செய்தவை. 1967இல் வெளிவந்த 'வெஸ்ட் மீட்ஸ் ஈஸ்ட்' என்ற தொகுப்பில் வயலின் மேதை யெஹூதி மெனுஹினும் சிதார் மேதை ரவி சங்கரும் சேர்ந்து வாசித்தனர். அல்லா ரக்கா தபலா வாசித்தார். எழுதிய இசையை வாசிப்பதில் பழகிய மெனுஹினுக்கும், ராகத்தின் இலக்கணத்துக்குள் அந்தந்தக் கணத்தில் கற்பனை செய்யும் மனோதர்ம மரபில் வந்த ரவி சங்கருக்கும் இடையிலான தூரத்தைக் கடக்க, மெனுஹின் வாசிக்க வேண்டிய பகுதிகள் பெரும்பாலும் முன்கூட்டியே அமைத்துத் தரப்பட்டன. அதே தொகுப்பில் ருமேனிய இசையமைப்பாளர் எனெஸ்குவின் சொனாட்டா ஒன்றை மெனுஹின் தம் சகோதரியின் பியானோவுடன் தனியே வாசித்திருக்கிறார் என்பதையும் நோக்கினால், இரு மரபுகளும் ஓரிடத்தில் சந்தித்து மீண்டும் தத்தம் வழியே சென்ற நிலையே அத்தொகுப்பில் பதிவாகியிருக்கிறது எனலாம்.

அடுத்த பத்தாண்டில் தோன்றிய 'சக்தி' குழு வேறு வழியை மேற்கொண்டது. பிரிட்டனில் பிறந்த கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், வயலின் கலைஞர் எல். சங்கர், தபலா கலைஞர் ஜாகிர் உசேன், கடம் வித்துவான் டி.எச். விநாயகராம் ஆகியோரைக் கொண்ட இக்குழுவின் முதல் தொகுப்பு 1975இல் நியூயார்க் மாநிலத்தில் நடந்த ஒரு கச்சேரியில் பதிவாகி மறு ஆண்டு வெளியானது. மிருதங்கம் வாசித்தவர் ஆர். ராகவன். வெஸ்லியனில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்ற மெக்லாஃப்லின், கர்நாடக இசையின் கமகங்களுக்கு ஏற்பத் தம் கருவியையே மாற்றிக்கொண்டார். சுரத்தை அசைத்தும் வளைத்தும் ஒலிக்கச் செய்யும் கமகத்துக்குத் தந்தியை வெகுதூரம் இழுக்க வேண்டியிருப்பதால், மெட்டுகளுக்கு இடையிலான மரப்பரப்பு குடைந்து தாழ்த்தப்பட்டது. தானே அதிர்ந்து ஒத்து ஒலிக்கும் துணைத் தந்திகளும் குறுக்காகப் பூட்டப்பட்டன. வழக்கமாக மேற்கத்தியக் கருவியின் நிலையான சுரங்களுக்குப் பிற மரபினரே தம்மை ஒடுக்கிக்கொள்வர். இங்கே வளைந்துகொடுத்தது கிதார்.

இந்த இணக்கம் ஏன் அரிதானது என்பதை உணரச் சுருதி அமைப்பைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். பியானோ போன்ற கருவிகளில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பகுக்கப்பட்டு, நொடிக்கு 440 அதிர்வு என்ற பொது அளவுகோலுக்கு இணங்கச் சுரங்கள் நிறுத்தப்படுகின்றன. இந்திய மரபிலோ பாடுபவரின் குரலுக்கு ஏற்ற இடத்தில் ஆதார ஷட்ஜம் அமைகிறது. பாரசீக, அரபு மரபுகளில் அரைச்சுரத்துக்கும் நுண்ணிய இடைவெளிகள் வழங்குகின்றன. ஜாவாவின் காமெலான் வாத்தியக் குழுக்களில் ஒன்றின் சுரநிலை மற்றொன்றோடு ஒத்துப்போவதில்லை. ஆகவே பல நாட்டவர் கூடும்போது யாருடைய சுருதி பொதுச் சுருதியாகிறது என்பது தொழில்நுட்பக் கேள்வியாக இருப்பதோடு அதிகாரம் பற்றிய கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

இச்சிக்கல் ஓரளவு தளர்கின்ற களம் தாளம். அமெரிக்கத் தாளக் கலைஞர் மிக்கி ஹார்ட் 1991இல் உருவாக்கிய 'பிளானெட் டிரம்' தொகுப்பில் நைஜீரியாவின் பாபாடுண்டே ஒலாடுஞ்சி, சிகிரு அடெபோஜு, பிரேசிலின் ஐர்டோ மொரெய்ரா, போர்ட்டோ ரிக்கோவின் ஜியோவானி ஹிடால்கோ ஆகியோருடன் ஜாகிர் உசேனும் விநாயகராமும் பங்கேற்றனர். சூளையில் சுடப்படும்போதே தன் சுருதியைப் பெரும்பாலும் பெற்றுவிடும் கடத்தைக் கச்சேரியின் சுருதிக்கேற்பத் தேர்ந்தெடுப்பதே வழக்கம். இசைப்பாட்டின் சுமை நீங்கிய தாளக் கூட்டத்தில் அத்தகைய கருவியும் யாருக்கும் பக்கவாத்தியமாக அமராமல் சமமாக ஒலிக்க முடிந்தது. உலக இசைக்கென முதன்முறையாக 1992இல் வழங்கப்பட்ட கிராமி விருது இத்தொகுப்புக்கே கிடைத்தது.

ஒரே அறை முறையின் மிகத் தூய எடுத்துக்காட்டு, அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடரும் மோகன வீணையை உருவாக்கிய விஸ்வ மோகன் பட்டும் சேர்ந்து வாசித்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' என்ற 1993ஆம் ஆண்டுத் தொகுப்பு. இதைத் தயாரித்தவர் இலங்கையில் பிறந்து கலிபோர்னியாவில் ஒலிப்பதிவாளராக விளங்கிய கவிச்சந்திரன் அலெக்சாண்டர். அதற்குமுன் சந்தித்திராத இருவரும் சாந்தா பார்பராவின் தேவாலயம் ஒன்றில் அறிமுகமாகிச் சிறிது நேரத்திலேயே வாசிக்கத் தொடங்கினர். மோகன வீணை ஹவாய் கிதாரின் வழித்தோன்றல். கூடரின் வாசிப்பும் தந்தியின்மேல் குழாயை வழுக்கிச் சுரங்களை இழைப்பது. ஆதலால் இருவருக்கும் சுரத்திலிருந்து சுரத்துக்கு நழுவிச் செல்வதே தாய்மொழியாக இருந்தது. பிற்பாடு எதையும் கூட்டாமல் நேரடியாக நாடாவில் பதியப்பட்டதால், ஒருவரின் ஒலியைத் தாழ்த்தி மற்றவரை உயர்த்தும் வாய்ப்பு பின்னர் யாருக்கும் இல்லாமற் போனது.

தடங்களை அடுக்கும் முறை

இரண்டாம் வகை, பல்தட ஒலிப்பதிவை அடிப்படையாகக் கொண்டது. ஒவ்வொரு கருவியையும் குரலையும் தனித்தனித் தடங்களில் பதிந்து, பின்னர் விரும்பியவாறு வெட்டியும் சேர்த்தும் ஒலியளவைக் கூட்டியும் குறைத்தும் ஒன்றாக்குவது இம்முறை. இதில் இசை உருவாகும் இடம் கலைஞர்கள் கூடிய அறையிலிருந்து ஒலிக்கலவை செய்வோரின் மேசைக்கு நகர்கிறது.

1986இல் வெளியான பால் சைமனின் 'கிரேஸ்லேண்ட்' இதற்குத் தக்க சான்று. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசுக்கு எதிராக ஐக்கிய நாடுகள் அவை பண்பாட்டுப் புறக்கணிப்பைக் கோரியிருந்த நிலையில், சைமன் 1985இல் ஜோகன்னஸ்பர்க் சென்று உள்ளூர்க் கலைஞர்களுடன் பதிவு செய்து, அந்நாடாக்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, அவற்றின்மேல் தம் பாடல்வரிகளையும் மெட்டுகளையும் அமைத்தார். கலைஞர்களுக்கு அமெரிக்கத் தொழிற்சங்க ஊதியத்தைப் போல் மூன்று மடங்கு வழங்கப்பட்டது. லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழுவின் ஜோசப் ஷபலாலா போன்றோருக்குச் சில பாடல்களில் படைப்பாளர் உரிமையும் பகிரப்பட்டது. அத்தொகுப்பு அக்குழுவை உலகறியச் செய்தது என்பதும், புறக்கணிப்பை மீறியதற்காகக் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது என்பதும் ஒருசேர உண்மை. இவ்விரண்டையும் விடக் கூர்ந்து நோக்கத்தக்கது, ஊதியத்திலும் பெயரிலும் பங்கு கிடைத்தபோதும் எது பாட்டாக வேண்டும் என்ற இறுதித் தீர்மானம் ஒருவரிடமே இருந்தது என்பதாகும்.

பீட்டர் கேப்ரியல் 1989இல் நிறுவிய ரியல் வேர்ல்ட் நிறுவனம், இந்தத் தனியதிகாரத்தைத் தளர்த்த முயன்றது. இங்கிலாந்தின் பாக்ஸ் என்ற சிற்றூரில் அமைந்த அதன் ஒலிப்பதிவுக் கூடத்தில் 1991, 1992, 1995 ஆகிய ஆண்டுகளின் கோடையில் பல நாட்டுக் கலைஞர்கள் கூடி, முன்திட்டமின்றி ஒருவர் பதிவில் மற்றவர் புகுந்து வாசித்தனர். காங்கோவின் பாப்பா வெம்பா, அயர்லாந்தின் ஷினேட் ஓ'கானர், ஹங்கேரியின் மார்த்தா செபெஸ்தியென் முதலியோர் இடம்பெற்ற அப்பதிவுகள் 'பிக் புளூ பால்' என்ற பெயரில் 2008இல்தான் வெளிவந்தன. சில வாரங்களில் விளைந்ததை ஒழுங்குபடுத்தப் பல ஆண்டுகள் பிடித்தன என்பதே, கூடி வாசிப்பதும் தொகுத்து முடிப்பதும் வெவ்வேறு உழைப்புகள் என்பதைக் காட்டும்.

பாடியவர் அறியாத 'கூட்டு'

தடங்களைப் பிரிக்கவும் ஒட்டவும் இயன்ற பிறகு, கலைஞரை அழைக்காமலேயே அவர் குரலை மட்டும் எடுத்தாளும் வழக்கமும் தோன்றியது. முந்தைய பதிவொன்றின் துணுக்கை வெட்டிப் புதிய இசையில் பதிக்கும் இதனைச் சாம்பிளிங் என்பர். 1992இல் வெளிவந்த 'டீப் ஃபாரஸ்ட்' தொகுப்பின் புகழ்பெற்ற தாலாட்டு, சாலமன் தீவுகளில் இசையியலாளர் ஹியூகோ செம்ப் பதிந்த, அஃபுனாக்வா என்ற பெண் பாடிய பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. நடு ஆப்பிரிக்கக் காட்டுமக்களின் இசையாக முன்வைக்கப்பட்ட தொகுப்பில் அது அமைந்ததால், பின்னர் நார்வே நாட்டுக் கலைஞர் ஒருவர் அம்மெட்டை வாசித்தபோது பிக்மி தாலாட்டு என்றே பெயரிட்டார். பாடிய தீவு கேட்போர் நினைவிலிருந்தே மறைந்தது. எனிக்மா குழுவின் 'ரிடர்ன் டு இன்னசன்ஸ்' பாடலில் தைவானின் அமிஸ் பழங்குடியைச் சேர்ந்த டிஃபாங் தம்பதியரின் குரல் அனுமதியின்றி இடம்பெற்றது. அவர்கள் தொடுத்த வழக்கு 1999இல் உடன்பாட்டில் முடிந்தது. கேட்பவர் காதுக்கு இவை பல நாடுகள் கலந்த தொகுப்புகளே எனினும், நான்கு தீர்மானங்களில் ஒன்றுகூடப் பாடியவர் கையில் இருந்ததில்லை.

ஊர் ஊராகச் செல்லும் ஒலிப்பதிவு

மூன்றாம் வகையில் கலைஞர்கள் தத்தம் ஊரிலேயே இருக்க, ஒலிப்பதிவாளர் பயணம் செய்கிறார். 2009இல் தொகுப்பாக வெளிவந்த 'பிளேயிங் ஃபார் சேஞ்ச்' இயக்கத்தின் முறை இதுவே. கலிபோர்னியாவின் சாந்தா மோனிகாவில் தெருப்பாடகர் ஒருவர் பாடிய அமெரிக்கப் பாட்டைக் காதொலிக் கருவியில் கேட்டபடியே உலகின் பல ஊர்க் கலைஞர்கள் தங்கள் பங்கைச் சேர்த்தனர். காட்சியில் அனைவரும் சமமாகத் தோன்றினும், பிந்திச் சேர்ந்தவர்களால் முதல் பாடகரின் சுருதியையும் வேகத்தையும் மாற்ற இயலாது. முன்னவர் பின்னவரைக் கேட்கவும் இயலாது.

தைவானின் பாவ்பாவ் சென்னும் ஆஸ்திரேலியரான டிம் கோலும் இந்தியப் பெருங்கடல், பசிபிக் தீவுகளில் பயணம் செய்து 2018இல் வெளியிட்ட 'ஸ்மால் ஐலண்ட் பிக் சாங்' இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது. மடகாஸ்கர் முதல் ராப்பா நூயி வரை பரவிய ஆஸ்திரோனேசிய மொழிக்குடும்பத்தின் பழைய கடல்வழித் தொடர்பை அடித்தளமாகக் கொண்ட இதில், கலைஞர்கள் தம் மொழியில், தம் மரபுக் கருவியோடு தமக்குரிய பாட்டைத் தர, மற்றத் தீவினர் அதனோடு இணைந்தனர். மையப் பாட்டு ஒன்றே எல்லா ஊருக்கும் செல்லாமல் ஒவ்வோர் ஊரின் பாட்டும் மையமானதால், முந்திப் பாடியவருக்குரிய அதிகாரம் சுழற்சியில் அனைவருக்கும் வாய்த்தது.

நீடித்த பழக்கம்

மேற்கண்ட வகைகள் எவற்றிலும் முழுமையாக அடங்காதவை, பல்லாண்டு நிலைத்த குழுக்களின் தொகுப்புகள். செல்லோ கலைஞர் யோ-யோ மா 1998இல் தொடங்கிய சில்க் ரோடு அமைப்பில் சீனாவின் பிபா கலைஞர் வூ மான், ஈரானின் கமாஞ்சே கலைஞர் கைஹான் கல்ஹோர், தபலா கலைஞர் சந்தீப் தாஸ் முதலியோர் நெடுங்காலம் சேர்ந்து பணியாற்றினர். அக்குழுவின் 'சிங் மீ ஹோம்' 2017இல் கிராமி பெற்றது. 'சக்தி' குழுவும், ஜாகிர் உசேன், மெக்லாஃப்லின் ஆகியோருடன் சங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன், விநாயகராமின் மகன் செல்வகணேஷ் ஆகியோரைக் கொண்டு 2023இல் வெளியிட்ட 'திஸ் மொமென்ட்' தொகுப்புக்காக 2024இல் அவ்விருதைப் பெற்றது. 1977க்குப் பின் அக்குழு வெளியிட்ட முதல் ஸ்டுடியோ தொகுப்பு அது.

இவ்வெடுத்துக்காட்டுகளிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது. ஒரே அறையில் நிகழும் பதிவு, வாசிப்போர் ஒருவரையொருவர் திருத்திக்கொள்ள இடமளிக்கிறது. தடங்களை அடுக்கும் முறை தொகுப்பவரை ஆசிரியராக்குகிறது. பயணிக்கும் ஒலிப்பதிவு முதலில் பாடியவரை வழிகாட்டியாக்குகிறது. நீடித்த குழுவே இத்தீர்மானங்களைக் காலப்போக்கில் கைமாற்றிக்கொள்ள வழிசெய்கிறது. எம்முறையும் தன்னளவில் நேர்மையானதோ பிழையானதோ அன்று. ஆனால் ஒவ்வொன்றும் அதிகாரத்தைத் தனக்கேற்ற இடத்தில் கொண்டுபோய் வைப்பதால், அதை ஈடுசெய்யும் பொறுப்பு படைப்புரிமை, ஊதியம், பெயர்ப்பட்டியல் ஆகியவற்றைத் தீர்மானிப்போரைச் சேர்கிறது. கூட்டு இசைத்தொகுப்பை மதிப்பிடுவோர் செவியால் கேட்பதோடு, அதன் பெயர்ப்பட்டியலையும் பதிவுமுறைக் குறிப்பையும் இசையின் பகுதியாகவே கொண்டு வாசிக்க வேண்டும் என்பதே இத்துறையின் அறுபதாண்டு வரலாறு உணர்த்துவது.