அங்கோரில் நம்மவர்கள்

கம்போடியா போய்வந்து எழுதுகிற நம்மவர்களின் யாத்திரைக் கட்டுரைகளுக்கு ஓர் அச்சு உண்டு. முதல் பக்கத்தில் விமானப் பயணம். இரண்டாம் பக்கத்தில் பனைமரங்கள் வந்து சொந்த ஊரை நினைவூட்டும். மூன்றாம் பக்கத்தில் அங்கோர் வாட்டின் கோபுரங்கள் தெரிந்ததும் ஆசிரியருக்கு மெய்சிலிர்த்துவிடும். அப்புறம், "தமிழன் எழுப்பிய கோயில்" என்று எழுதாமல் பேனா நிற்பதில்லை. மேடைப் பேச்சிலும் இதையே கேட்டுக் கேட்டு வாசகர்களில் பலர் உண்மையென்றே நம்பிவிட்டார்கள்.

அதைக் கட்டுவித்தவன் இரண்டாம் சூரியவர்மன் என்ற கெமர் அரசன். காலம் 12-ம் நூற்றாண்டின் முற்பகுதி. விஷ்ணுவுக்காகக் கட்டினான்; மேற்கு நோக்கிக் கட்டினான். பாற்கடல் கடைகிற காட்சி மட்டும் சுவரில் ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. கதை பாரத நாட்டிலிருந்து போனதுதான். ஆனால் செதுக்கிய கை அந்த மண்ணின் கை. முகங்களும் உடையும் அலங்காரமும் அந்த ஜனங்களுடையவை.

சோழருக்கும் கெமருக்கும் உறவே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. காம்போஜ அரசன் காட்டிய அபூர்வமான கல் ஒன்றைத் தில்லைக் கோயிலில் பதித்ததாக முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிதம்பரம் கல்வெட்டு சொல்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து தீபாவளிப் பலகாரம் வந்தது என்பதற்காக அந்த வீட்டையே நாம்தான் கட்டினோம் என்று சொல்லிக்கொள்வார் உண்டா?

இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதல்ல. 1632-ல் ஜப்பானிய யாத்திரிகர் ஒருவர் அங்கோர் வாட்டுக்கு வந்து, தாம் வந்த செய்தியைத் தூணில் எழுதிவிட்டுப் போனார். அந்த நூற்றாண்டு ஜப்பானியர் இதைப் புத்தர் தங்கியிருந்த ஜேதவனம் என்றே எண்ணினார்கள். அவர்களாவது வணங்க வந்தவர்கள்; எதையும் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ளவில்லை. விஷ்ணு கோயில் அதற்குள் பௌத்தத் தலமாகி, பிக்ஷுக்கள் அங்கே விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். 1860-ல் ஆன்ரி மூவோ என்ற பிரெஞ்சுக்காரர் காட்டுக்குள் அதைக் 'கண்டுபிடித்தார்' என்று நம் கட்டுரைகள் எழுதும்போது, அந்தப் பிக்ஷுக்களை என்ன செய்வது?

உண்மையில் கதை எழுதுகிறவனுக்கு அங்கே கிடைக்கிற விஷயமே வேறு. ஏழாம் ஜயவர்மன் 1181-ல் பட்டத்துக்கு வந்தான். மகாயான பௌத்தன். அவன் எழுப்பிய பாயோன் கோயிலின் கோபுரங்களில் நான்கு திசையும் பார்க்கும் முகங்கள், பாதி மூடிய கண்களும் லேசான புன்னகையுமாக இருக்கின்றன. முதலில் அறிஞர்களே அவற்றைப் பிரம்மா என்றார்கள். 1920-களில்தான் அது பௌத்தக் கோயில் என்பது தெளிந்து, லோகேசுவரர் என்ற விளக்கம் வந்தது. நம் கட்டுரைகளில் இன்னும் பிரம்மாதான்!

அவனுக்குப் பின் காற்று மாறியது. எட்டாம் ஜயவர்மன் காலத்தில் என்று கருதுகிறார்கள், மாடங்களிலிருந்த புத்தர் உருவங்களை உளி கொண்டு கொத்தினார்கள். சிலவற்றை லிங்கமாக மாற்றினார்கள். 1933-ல் பாயோனின் நடுக்கோபுரத்துக்கு அடியில் தோண்டியபோது, நாகத்தின் மேல் அமர்ந்த பெரிய புத்தர் சிலை துண்டுதுண்டாகக் கிடைத்தது. ஒட்டவைத்துப் பார்த்தால் உயரம் 3.6 மீட்டர். கருவறைத் தெய்வத்தையே உடைத்துக் குழியில் போட்டவர்கள் யார், எந்த மனத்தோடு போட்டார்கள்? பெருமை பாட வந்தவருக்கு இந்தக் குழி தென்படுவதில்லை. தென்பட்டாலும் சங்கடம், 'இந்து சமயமும் பௌத்தமும் இணைந்து தழைத்த பூமி' என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டதே!

ஜயவர்மன் தன் தாயின் நினைவாகக் கட்டிய தா புரோமுக்குப் போகிறவர்கள் சுவரைப் பிடித்திருக்கும் மரவேர்களைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கோயிலின் 1186-ம் ஆண்டுக் கல்வெட்டு ஒரு கணக்குப் புத்தகம்: 3,140 கிராமங்கள், 615 நடனப் பெண்கள், உள்ளே தங்க உரிமையுள்ளவர்கள் 12,640 பேர். அத்தனை பேருக்கும் அரிசி யார் தலையில் வந்திருக்கும்?

1970-களின் கொடுமையில் எத்தனையோ லட்சம் பேரைப் பறிகொடுத்த நாடு அது. எந்த ஆட்சி வந்தாலும் அதன் கொடியில் அங்கோரின் கோபுரங்கள் பெரும்பாலும் இருந்துவந்திருக்கின்றன. அந்த ஜனங்களிடம் போய், "இது எங்கள் பாட்டன் கட்டியது" என்று சொல்லிவிட்டு வருவது என்ன விருந்தாளித்தனம்?

பாயோனின் வெளிச்சுவரில் போர்க் காட்சிகளுக்கு நடுவே ஒரு சந்தை இருக்கிறது. பெண்கள் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார்கள். சேவற்சண்டை நடக்கிறது, பந்தயம் கட்டினவர்கள் கையை நீட்டிக் கத்துகிறார்கள். 1296-ல் வந்து ஏறக்குறைய ஓராண்டு தங்கிய சீனர் சௌ தாகுவான், இந்த ஊரில் வியாபாரமெல்லாம் பெண்கள் கையில் இருக்கிறது என்று குறித்துவைத்தார். அவர் கண்ட பெண்களுக்கு ஒரு நூறு வருஷம் முந்தியவர்கள் அந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.